நீ திருப்பாத குமிழுக்கு மன்னிப்புக் கேட்காதே

நித்யா,

இன்று காலை உறுதியான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். சுரேஷின் காரிலிருந்து கழற்றிய சப்வூஃபரை, அந்தப் பெரிய பேஸ் ஸ்பீக்கரை, பிரித்துப் பார்த்தாயிற்று. உள்ளே இருக்கும் கம்பிச்சுருள், நீ காயில் என்று சொல்வாயே அது, சுற்றுவட்டம் முழுக்க ஒரே சீராகக் கருகியிருக்கிறது. கோன் கிழியவில்லை. அதைத் தாங்கும் மஞ்சள் துணி வளையம் நைந்துபோகவில்லை. சுருள் ஏதோ ஒரு பக்கம் மட்டும் உரசித் தேய்ந்த தடம் இல்லை. அது செத்தது சூட்டால் மட்டும்தான். இதற்கு ஆதாரம், அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்தக் கம்பெனி ஸ்பீக்கர்களைப் பழுது பார்க்கும் இடத்தில் அதைத் திறந்த டெக்னீஷியன். அவர் பிரிக்கும்போது நான் பக்கத்திலேயே நின்றேன். "ஒரு பக்கம் மட்டும் தேஞ்சிருந்தா ஃபிட்டிங்கு, இல்லேன்னா மேக்கிங் குறைன்னு சொல்லலாம்மா. இது அப்படி இல்ல. யாரோ கெயின் குமிழைத் திருகிட்டு நல்லா ஓட்டியிருக்காங்க" என்றார். எழுத்தில் தருவீர்களா என்று கேட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

உன்னைக் கேட்காமல் இதைச் செய்தேன். நீயும் அப்பாவும் நிச்சயதார்த்தப் புடவை எடுக்கக் காஞ்சிபுரம் கிளம்பிய பிறகு, பூந்தமல்லிக்குப் போய் உன் கார் ஆடியோ கடையைத் திறந்து, மேசைக்கு அடியில் கிடந்த அந்த ஸ்பீக்கரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். மெட்ரோ வேலைக்காக ரோட்டைத் தோண்டிப்போட்ட இடத்திலெல்லாம் அதை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய். போன செவ்வாய்க்கிழமை சமையலறை வாசலில் நின்றுகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், "என் தப்புன்னே சொல்லிட்றேம்மா. கல்யாணம் நடக்கணும்ல" என்று சொன்னாய் பார், அப்போதே முடிவு செய்துவிட்டேன். கையில் செய்தி இல்லாமல் பேசுவது என் பழக்கம் இல்லை. இன்று இருக்கிறது.

இந்தக் கடிதத்தை உறையில் போடப்போவதில்லை. சாப்பாட்டு மேசையில் விரித்து வைக்கிறேன். அப்பா படிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தத்துக்கு வருகிறவர்களும் படிக்கலாம். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சில இடங்களில் விளக்கி எழுதுகிறேன். பொறுத்துக்கொள்.

சுரேஷ் உனக்கு மைத்துனராக வரப்போகிறவர். உன்னைக் கட்டிக்கொள்ளப்போகிற பிரபுவின் அண்ணன். கல்யாணப் பேச்சு முடிந்த கையோடு, புது உறவு என்ற உரிமையில், தன் காருக்குப் பாட்டுப்பெட்டி வைக்க உன் கடைக்கு வந்தார். அன்று நான் உனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தேன். நீ வேலையை முடித்துவிட்டுத்தான் சாப்பிடுவாய் என்று தெரியும். ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நீ சப்வூஃபர் ஒயரைக் கழற்றி வைத்தாய். முன்னால் இருக்கும் பிளேயரில், அடித்தொனியைத் தூக்கிக் கொடுக்கும் பேஸ் பூஸ்ட்டை அணைத்தாய். அதன் சத்தத்தை முக்கால் பங்குக்கு ஏற்றினாய். ஒரே சுருதியில் ஊம் என்று கேட்கும் சோதனை ஒலியை ஓடவிட்டு, ஆம்ப்ளிஃபையரின் வாயில் மீட்டரை வைத்தாய். அதிலிருக்கும் கெயின் என்ற சின்னக் குமிழை ஸ்க்ரூட்ரைவர் நுனியால் மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, நீ முன்பே கணக்குப் போட்டு வைத்த எண் மீட்டரில் வந்ததும் கையை எடுத்தாய். அதன் பிறகுதான் ஸ்பீக்கரைச் சேர்த்தாய். எர்த் ஒயரை மாட்டுவதற்கு முன் பெயின்ட்டைச் சுரண்டி வெறும் தகட்டைப் பளபளக்க வைத்ததையும் பார்த்தேன். அங்கே பெயின்ட் இருந்தால் ஆம்ப்புக்கு மின்சாரம் சரியாக வராது, அதுவும் சீக்கிரம் திணறும் என்று நீதான் எனக்குச் சொன்னாய்.

சுரேஷுக்குத் திருப்தி இல்லை. காரில் உட்கார்ந்து பாட்டுப் போட்டுப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, இம்மாந்தூண்டு சவுண்டு? எங்க எதிர் பிளாக்குல ஒருத்தன் வண்டி கீது. அவன் போட்டா எங்க ஊட்டு ஜன்னல் கண்ணாடி ஆடுது" என்றார்.

நீ சிரித்துக்கொண்டே, "இதுக்கு மேல வெச்சா சவுண்டு ஏறாது மாமா. சூடுதான் ஏறும்" என்றாய்.

பக்கத்துச் சீட் கவர் கடைக்காரர் அதைக் கேட்டுக்கொண்டே வந்து, "அண்ணாத்தே, இந்தப் பொண்ணு கை வெச்ச வண்டி ஒண்ணுகூட திரும்பி வந்ததில்ல, கம்முனு ஓட்டிகினு போ" என்றார். சுரேஷும் சிரித்தார். அன்று அவர் முகத்தில் கோபம் இல்லை. இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அவர் கெட்ட மனிதர் என்று இந்தக் கடிதத்தில் நான் எங்கும் எழுதப்போவதில்லை.

நீ சொன்ன அந்த ஒரு வரியை, தெரியாதவர்களுக்காக விரித்துச் சொல்கிறேன். காரின் மின்சாரத்தை வைத்துக்கொண்டு ஓர் ஆம்ப் இவ்வளவுதான் கொடுக்க முடியும் என்று ஓர் உயரம் இருக்கிறது. அதைக் கூரை என்று வைத்துக்கொள்ளலாம். பாட்டின் அலை அந்தக் கூரைக்குள் வளைந்து ஏறி வளைந்து இறங்கும்வரை வம்பில்லை. கெயின் என்ற அந்தக் குமிழ் சத்தத்தைக் கூட்டுவதற்கானது இல்லை. பிளேயர் அனுப்பும் சிக்னலும் ஆம்ப் வாங்கும் அளவும் பொருந்துவதற்காக ஒரு முறை வைத்துவிட்டு மறந்துபோக வேண்டியது. அதைச் சத்தக் குமிழ் என்று நினைத்துத் திருகினால் அலை கூரையில் போய் முட்டும். தலை தட்டையாகும். பாட்டு கரகரக்கும். வெளியே கேட்கும் சத்தம் கொஞ்சம்தான் கூடும், ஆனால் சுருளுக்குள் போகும் மின்சாரம் ஏகமாகக் கூடிவிடும். சுருள் முன்னும் பின்னும் அசையும்போது படும் காற்றில்தான் அது ஆற வேண்டும். அசைவு அந்த அளவுக்குக் கூடாது. சூடு போக வழி இல்லாமல் மேல்பூச்சு உருகி, கம்பிக்குக் கம்பி ஒட்டி, கடைசியில் அறுந்துபோகும். சின்ன ஆம்ப்தானே, பெரிய ஸ்பீக்கரை என்ன செய்துவிடும் என்று நினைப்பவர்களும் இப்படித்தான் எரிக்கிறார்கள்.

ஆயுத பூஜை கழிந்த வாரத்தில் சுரேஷ் காரைக் கொண்டுவந்து உன் கடை வாசலில் நிறுத்தினார். நீ முறையாகத்தான் பார்த்தாய். மீட்டர் வைத்தாய். மூன்றரை ஓம் பக்கம் காட்ட வேண்டிய சுருள் ஒன்றுமே காட்டவில்லை. இரண்டு உள்ளங்கையாலும் கோனை மெல்ல அழுத்தினாய். உள்ளே மணல் அரைப்பதுபோல் சத்தம் வந்தது. குனிந்து மோந்து பார்த்தாய். எரிந்த வார்னிஷ் வாசனை. சூட்டில் போயிருக்கிறது என்று சொன்னாய். சுரேஷ் அதற்குமேல் கேட்கத் தயாராக இல்லை. கடையில் வேறு வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கிற மாதிரி, பொம்பளை ஃபிட்டிங், லூஸ் கனெக்‌ஷன், அதனால்தான் புகைந்தது என்றார். லூஸ் கனெக்‌ஷன் இருந்தால் பாட்டு விட்டுவிட்டு வரும், ஒயர் மாட்டும் இடம் கருகும், சுருள் இப்படி வேகாது. நீ இதைச் சொல்ல வாயெடுத்தாய், பிரபு உன் கையைத் தொட்டு வேண்டாம் என்றான் என்று கேள்விப்பட்டேன். நான் அங்கே இல்லை. சொன்னது சீட் கவர் கடைக்காரர். நீ மறுத்தால் திருத்திக்கொள்கிறேன்.

பிறகு அப்பாவுக்கு ஃபோன் வந்தது. அப்பாவும் பிரபுவின் அப்பாவும் ஆவடித் தொழிற்சாலையில் ஒரே செக்‌ஷனில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் நின்றவர்கள். அந்தப் பழக்கத்தில் வந்த சம்பந்தம் இது. அவர்கள் கேட்டது காசு இல்லை. ஞாயிறு அன்று தட்டு மாற்றுவதற்கு முன்னால், பெரியவர்கள் முன்னிலையில், தப்பு என்னுடையது என்று நீ ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு கடை வேண்டாம். வேலை தெரியாமல் கடை வைத்து யார் வண்டியையாவது எரித்து, நாளைக்குக் குடும்பத்துக்குக் கெட்ட பெயர் வரக் கூடாது. இதுதான் கேட்டது. அப்பா ஃபோனை வைத்துவிட்டு என்னிடம், "ஒரு வார்த்தைதானே, சொல்லிட்டுப் போகட்டுமே" என்றார்.

இந்த வாக்கியத்தை உன் அப்பா வாயிலிருந்து நான் கேட்பது இரண்டாவது முறை. நீ அப்போது பால்வாடி போய்க்கொண்டிருந்தாய். ஏரிக்கரையில் கட்டட இடிபாடுகளை இரவோடு இரவாகக் கொட்டுவதைப் பற்றி நான் எங்கள் பத்திரிகையில் எழுதியிருந்தேன். லாரி எண்ணோடு எழுதினேன். கொட்டியவருக்கு வேண்டியவர் யாரோ அலுவலகத்துக்கு வந்தார். செய்தி தவறு, வருந்துகிறோம் என்று ஒரு சின்னக் கட்டம் போட்டுவிடலாம், நீங்களே எழுதிக் கொடுங்கள் என்றார் ஆசிரியர். தவறு எது என்று காட்டுங்கள், எழுதுகிறேன் என்றேன். காட்டவில்லை. ஒரு வார்த்தைதானே, எழுதிக் கொடுத்துவிடேன் என்று அன்றும் அப்பா சொன்னார். நான் எழுதவில்லை. அடுத்த வாரத்திலிருந்து எனக்குக் காய்கறி விலை எழுதும் வேலை. விடியற்காலையில் சந்தைக்குப் போய், கத்தரிக்காயும் முருங்கைக்காயும் அன்று என்ன விலை என்று விசாரித்து எழுதினேன். வீட்டுக்கு வந்தால் என் புடவையில் கொத்தமல்லி வாசனை அடிக்கிறது என்று நீ ஒட்டிக்கொண்டே திரிவாய். அந்த வேலையையும் ஒழுங்காகத்தான் செய்தேன். நான் இழந்தது ஒன்றும் இல்லை என்று சொல்ல மாட்டேன். நீதிமன்றச் செய்தி எழுத ஆசைப்பட்டேன், அது வேறொருவருக்குப் போயிற்று. ஆனால் என் பெயரில் வந்த எதையும் பொய் என்று நானே சொன்னதில்லை. அதனால்தான் இன்றைக்கும் திருமுல்லைவாயிலில் யாராவது மனு எழுத வேண்டுமென்றால் நம் வீட்டு மணியை அடிக்கிறார்கள்.

நீ தப்பை ஒத்துக்கொள்ளத் தெரியாத பெண்ணாக இருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை. கல்லூரி இரண்டாம் ஆண்டில் அப்பாவின் பழைய காரில் நீயே ஒரு ஸ்பீக்கரை மாட்டி, பேஸ் பூஸ்ட்டை முழுக்க ஏற்றி, கெயினைக் கடைசிவரை திருப்பி, வாசலில் நிறுத்திப் பாட்டுப் போட்டாய். அரை மணி நேரத்தில் நாற்றம். அப்பா வண்டி தீப்பிடித்துவிட்டது என்று பாத்ரூம் பக்கெட்டோடு ஓடிவந்து பின்சீட்டில் தண்ணீரை ஊற்றினார். நீ நனைந்த சீட்டைப் பார்த்துக்கொண்டு, "என் தப்புதான்பா, நான்தான் ஓவரா திருகிட்டேன்" என்றாய். யாரும் உன்னைக் கேட்கவில்லை. நீயாகச் சொன்னாய். அந்தக் கருகிய சுருளைப் பிரித்தெடுத்து இன்றுவரை கடையின் மேசைக்கு மேலே நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாய். கெயினை ஏற்று என்று அடம்பிடிக்கும் ஒவ்வொருவருக்கும் அதைக் காட்டுகிறாய். இன்று காலை டெக்னீஷியன் எடுத்துக் காட்டிய சுருளும் அதுவும் அக்கா தங்கைபோல் இருந்தன. என் தப்பு என்று நீ சொன்னால் அது உண்மை என்று இந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பொய்யான ஓர் இடத்தில் அதைச் சொல்லிவிட்டால், நாளைக்கு உண்மையான இடத்தில் சொல்ல உன்னிடம் என்ன இருக்கும்?

இனி நேற்று நடந்தது. ஜாக்கெட் அளவு வாங்குகிற சாக்கில் ஆவடி குவார்ட்டர்ஸுக்குப் போனேன். சுரேஷ் டூட்டிக்குப் போயிருந்தார். அவர் மனைவி கவிதா மட்டும் இருந்தாள். கவிதாவை உனக்குத் தெரியும். அதிகம் பேச மாட்டாள், பேசினால் சுற்றி வளைக்க மாட்டாள். நான் வந்த காரணத்தை மறைக்காமல் சொன்னேன். கார் டிக்கியைப் பார்க்க வேண்டும் என்றேன். அவள் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். கீழ்ப்பலகையைத் தூக்கினாள். ஆம்ப் அங்கேயே இருந்தது. எர்த் ஒயர் மாட்டிய இடம் நீ சுரண்டிய மாதிரியே பளபளவென்று இருந்தது. அந்தச் சந்தேகத்தை முதலில் தீர்த்துக்கொண்டேன். அது உன் பக்கத்துத் தப்பாக இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

பிறகுதான் குமிழைப் பார்த்தேன். ஆயுத பூஜை அன்று நம்மையும் அழைத்திருந்தார்களே, நினைவிருக்கிறதா? குவார்ட்டர்ஸ் தெருவில் வரிசையாக வண்டிகளைக் கழுவி நிறுத்தி, வாழைக்கன்று கட்டி, எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார்கள். ஸ்டீயரிங்குக்கு, ஸ்டெப்னிக்கு, ஜாக்கிக்கு. கவிதா டிக்கியைத் திறந்து, புதிதாக வந்த ஆம்ப்புக்கும் சந்தனம் குழைத்து வைத்து நடுவில் குங்குமம் இட்டாள். எங்கே வைப்பது என்று ஒரு நிமிடம் தேடி, முகம் மாதிரி இருக்கிற இடம் இதுதான் என்று சொல்லிக் குமிழின்மேல் வைத்தாள். கட்டைவிரல் அகலப் பொட்டு. குமிழையும் மூடி, அதைச் சுற்றியுள்ள தகட்டையும் மூடி உட்கார்ந்தது. அதைப் படம் எடுத்து அன்று மாலையே இரண்டு குடும்பமும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். அந்தப் படம் இன்னும் அங்கே இருக்கிறது. எடுத்துப் பார். முழு வட்டம்.

நேற்று அது வட்டமாக இல்லை. காய்ந்த சந்தனம் குமிழின் விளிம்பில் வெட்டுப்பட்டிருக்கிறது. தகட்டில் இருக்கும் குங்குமத்தின் ஓரம் ஒரு திசையில், குமிழின்மேல் இருக்கும் மீதி வேறு திசையில். குமிழின் நடுவில் ஸ்க்ரூட்ரைவர் பதியும் வெட்டில் சந்தனம் பெயர்ந்து உலோகம் தெரிகிறது. நீ வைத்த இடத்தில் குமிழ் இருந்தபோது வைத்த பொட்டு அது. பொட்டு காய்ந்த பிறகு யாரோ திருப்பியிருக்கிறார்கள்.

கவிதா குனிந்து வெகுநேரம் பார்த்தாள். "நான் வெச்ச பொட்டு அத்தை இது. ரவுண்டாத்தான் வெச்சேன்" என்றாள்.

யார் திருப்பினார்கள் என்று கேட்டேன். கேட்பது என் தொழில்.

"அன்னிக்கு ராத்திரி நீங்கல்லாம் கிளம்பின அப்புறம் எதிர் பிளாக் வண்டியும் நம்ம வண்டியும் போட்டி போட்டுப் பாட்டு வெச்சாங்க. பசங்கல்லாம் கிண்டல் பண்ணாங்க, உன் வண்டி கொசு மாதிரி பாடுதுன்னு. நான் உள்ள சுண்டல் தாளிச்சிக்கிட்டிருந்தேன். ஸ்க்ரூட்ரைவர் எங்கன்னு ஒரு குரல் கேட்டுச்சு. அது யார் குரல்னு நான் சொல்ல மாட்டேன் அத்தை. அண்ணனும் தம்பியும் ரெண்டு பேரும் அங்கதான் இருந்தாங்க. சொல்ல வேண்டியவங்க சொல்லட்டும்."

நானும் வற்புறுத்தவில்லை. அவள் அந்த வீட்டில் வாழ வேண்டியவள். இப்போது நீ நினைப்பது எனக்குத் தெரியும். பிரபுவாக இருக்குமோ என்று உனக்குத் தோன்றும். தோன்றுவதை நான் எழுதுவதில்லை. உறுதியாகாத பெயரை அச்சில் ஏற்றியவள் இல்லை நான், என் மகள் கல்யாணத்திலும் ஏற்ற மாட்டேன். உறுதியானது ஒன்றுதான். அது நீ இல்லை.

அதனால் சொல்கிறேன். ஞாயிறு அன்று அந்த ஒரு வார்த்தையை நீ சொல்லாதே. இந்தக் கல்யாணம் நடக்க வேண்டும் என்றுதான் நானும் ஆசைப்படுகிறேன். பிரபுவை எனக்குப் பிடிக்கும். என் கண் ஆபரேஷனுக்கு நீ கடையை விட்டு வர முடியாதபோது நாள் முழுக்க ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் அவன். ஆனால் உன் வேலையைப் பொய் என்று ஒத்துக்கொண்டுதான் ஒரு வீட்டுக்குள் நுழைய முடியும் என்றால், அந்த வாசல் உனக்குக் குள்ளமானது, குனியாதே. சபையில் நீ சொன்னாலும் நான் எழுந்து மறுப்பேன். அம்மா மானத்தை வாங்கிவிட்டாள் என்று நீ ஆறு மாதம் பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை. கடையை மூடுவது, திறப்பது உன் இஷ்டம். வேறு ஊருக்குப் போகிறாய், வேறு தொழில் பிடித்திருக்கிறது என்றால் மூடு. வேலை தெரியாதவள் என்று யாரோ சொன்னதற்காக மூடாதே. உன் கடைக்குள் வந்து, ஆள் யாரும் இல்லையாம்மா என்று உன்னிடமே கேட்டவர்களுக்கு, நான்தான் ஆள் என்று சொல்லியே இந்த நாலு வருஷத்தை ஓட்டியிருக்கிறாய்.

ஒன்றே ஒன்று, தொழில் விஷயம். இனிமேல் நீ மாட்டும் ஒவ்வொரு ஆம்ப்பிலும் கெயினை வைத்து முடித்ததும், குமிழுக்கும் தகட்டுக்கும் குறுக்கே நகப்பூச்சால் ஒரு கோடு இழு. படம் எடுத்து வைத்துக்கொள். இந்த முறை கவிதா தெரியாமல் செய்ததை, அடுத்த முறை நீ தெரிந்தே செய். அது யாரையும் பிடிப்பதற்கு இல்லை. அந்தக் கோட்டைப் பார்த்தாலே பாதிப்பேர் ஸ்க்ரூட்ரைவரைக் கீழே வைத்துவிடுவார்கள்.

இப்போதைய நிலவரம் இதுதான். டெக்னீஷியனின் எழுத்து நாளைச் சாயங்காலம் கைக்கு வரும். உன் பதில் இன்று மாலை காஞ்சிபுரத்திலிருந்து திரும்பியதும் வரும் என்று எதிர்பார்க்கிறேன். ஸ்க்ரூட்ரைவர் யார் கையில் இருந்தது என்பது மட்டும் தெரியவில்லை. அது தெரிந்த இரண்டு பேரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு நம் வீட்டுக்கு வருகிறார்கள். நேற்று வாசல்வரை என்னை வழியனுப்ப வந்த கவிதா, நான் கிளம்பும்போது, "தட்டோட தட்டா அந்த ஆம்ப்பையும் கழட்டிக் கொண்டாந்துடறேன் அத்தை. பூவுக்கும் பழத்துக்கும் நடுவுல வெச்சா யார் வேணான்னு சொல்லப் போறாங்க" என்றாள். அதுவரை அந்தப் பொட்டை யாரும் துடைக்காமல் பார்த்துக்கொள்வதாகவும் சொல்லியிருக்கிறாள்.

அம்மா